வலது பெருவிரல்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நான்.
செத்த தேதி, செத்த விதம், வாரிசுக்கு என்ன உறவு
மூன்றையும் கேட்காமல்
ஒரு சாவு வீட்டிலிருந்தும் எழுந்ததில்லை.
அதனால்தானோ என்னவோ
கீழக்கரைச் சங்குக் கிட்டங்கியில்
முப்பத்து மூன்றாம் வருடம், மாசி மாதம்,
மண்டை பிளந்து கிடந்த கணக்கர் சவரிராய பர்னாந்து
ஏழு வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்கிறார்.

பிடிபட்டவர்கள் இருவர். இருவரும் விடுதலை.
கட்டு கிடந்தது ராமநாதபுரத்தில்
கதவில்லாத அலமாரியின் அடித்தட்டில்.
கரையான் தின்றது போக எனக்குப் பதினோரு தாள்.
"ஒங்க சொந்தக்காரரா?" என்றார் ரெக்கார்ட் கிளார்க்.
இல்லை என்றேன்.
அப்புறம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
நல்லவேளை.

முதலில் குளியாட்களைத்தான் சந்தேகித்தேன்.
சங்கு அளக்கும் பித்தளை வளையத்தை
யாரோ உள்ளே அரம் போட்டு அகலப்படுத்தியிருந்தார்கள்.
நல்ல சங்கும் நழுவி விழும்,
பொடி என்று கழியும், கூலி கிடையாது.
கூலி போன நாற்பது பேரையும்
பாலிசிப் படிவத்தின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.
செத்தது நண்பகல்.
வாடை முறிந்து கடல் தெளிந்த நாள் அது.
நாற்பது பேரும் அப்பாத்தீவுக்கு வெளியே, வள்ளத்தில்.
நாற்பதையும் அடித்தேன்.

போன ஆடியில் கரண்ட் போன ஒரு ராத்திரி
செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது
பஞ்சாயத்தார் ஐவரில் மூவரின் கைநாட்டு கண்ணில் இடறியது.
கலந்தர் மரைக்கான். சீனி உடையான். சந்தியாகு.
மூன்று பெயர், ஒரே விரல்.
குறுக்கே வெட்டுத் தழும்பு, பிறை மாதிரி,
மூன்றிலும் அதே இடத்தில்.

கைநாட்டு வாங்கியே காலம் தள்ளியவன் நான்.
ஆணுக்கு இடது, பெண்ணுக்கு வலது.
சுழி எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்தால் போதும்,
சங்கு வியாபாரி வலம்புரியைப் பிரிப்பது போல.
இது வலது.
பெண்.

மனைவிதான் என்று விடியும்வரை தூங்கவில்லை.
"மனைவி யாதொன்றும் அறியாள்."
கட்டில் அவளைப் பற்றி இந்த ஒரு வரிதான்.
ஒன்றும் அறியாதவளுக்கு ஒரு வரி எதற்கு?

"தொண்ணூறு வருசத்துக்கு முந்திச் செத்தவருக்கு
க்ளெய்ம் வாங்கித் தரப்போறியளா?"
இது என் வீட்டுக்காரி.
ஆனாலும் சார்பதிவாளர் ஆபீசில் பணம் கட்டினேன்.
முப்பத்தாறில் மிக்கேலம்மாள் வீட்டை விற்ற பத்திரம் வந்தது.
கையெழுத்துப் போட்டிருந்தாள்.
முழுப்பெயர், புள்ளி வைத்து, வரி பிசகாமல்,
நான் போடுவதைவிட அழகாக.

வெளியே வந்து ஒரு சர்பத் குடித்தேன்.
ஏழு வருடத்தில் முதல் தடவையாக
செத்தவர் மேல் எரிச்சல் வந்தது.

பதினோரு தாளையும் மறுபடி முதலிலிருந்து.
ஆறாம் தாள், கீழிருந்து மூன்றாம் வரி:
"கதவு, கிட்டங்கி பெருக்குகிறவளால் திறக்கப்பட்டது."
பெயர் இல்லை. ஊர் இல்லை. வாக்குமூலம் இல்லை.
சங்குச் சதை சுரண்டும் கத்தி
ஒரு பெருவிரலில் பிறை கீறாமலா இருந்திருக்கும்?

வராத மூன்று ஆண்களுக்காக
வந்திருந்த ஒருத்தி மை தொட்டிருக்கிறாள்.
பார்த்தவள்.
என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்காதவள்.
அல்லது, இதையும் எழுதத்தானே வேண்டும்,
செய்தவள்.
என் நோட்டில் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.
எங்கள் ஆபீஸில் இப்படிப் போனால்
ஃபைல் திரும்பி வந்துவிடும்.

கிட்டங்கி இப்போது சிமெண்ட் குடோன்.
நேற்றுப் போயிருந்தேன். சும்மாதான்.
சிந்திய சிமெண்டைக் கூட்டிச்
சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
"பேரு என்னம்மா?" என்றேன், பழக்க தோஷம்.
"பாலிசியெல்லாம் வேணாம் சார்"
என்று விளக்குமாற்றைத் தரையில் தட்டினாள்.