பின்திரை

சிம்மக்கல் பழைய புத்தகக் கடையில்
ஸ்டாம்பைக் கிழித்தெடுத்த அஞ்சலட்டை, பத்து ரூபாய்.
கின்சேல், அயர்லாந்து. ஈரத் தெரு,
சரிவு முடிகிற இடத்தில் படகுத்துறை.

இந்தத் தெரு எனக்குத் தெரியும்.
உசிலம்பட்டி பவளம் ஸ்டூடியோவில்
ஒச்சப்பன் வரைந்த திரை இதுதான்.
தாலி கட்டிய மூன்றாம் நாள்
அம்மாவும் அப்பாவும் இதன் முன்னால் நின்றார்கள்,
நடுவில் ஒரு முழம் கடல்.

மழையை அவர் வரையவில்லை.
உசிலம்பட்டியில் யார் நம்புவார்கள்?
கடைப் பலகையின் இங்கிலீஷை
எறும்புச் சாரையாக இழுத்துவிட்டிருக்கிறார்.
வண்டிக் கழுதை நின்ற இடத்தில் பூச்சாடி.
கல்யாணப் போட்டோவில் கழுதை எப்படி?
அது தனியாக, ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று
கல்லாவுக்கு மேலே தொங்கியது.

அட்டையில், நீலக் கதவருகே ஒருத்தி.
கையில் வாளி.
படம் எடுப்பது பிடிக்காத முகம்.
திரையில் அவளைக் காணோம்; இடம் விட்டிருக்கிறார்.
அங்கேதான் விருமாயி, என் அம்மா,
பத்தொன்பது வயது, இரவல் சங்கிலி,
அதே முகம்.

பின்பக்கம் மை கலங்கிய நாலு வரி.
ஒன்றுதான் படிக்க வந்தது:
இங்கே விடாத மழை.

வீட்டில் காட்டினேன்.
அம்மா வாளிக்காரியைப் பார்க்கவில்லை.
கதவின் மேல் விரலை வைத்தாள்.
“அன்னைக்கே லேசா தள்ளிப் பாத்தேன்,” என்றாள்.
“துணி.”