பதினேழாம் எண்ணின் தேதி

முப்பத்தெட்டு பச்சை. ஒன்று சிவப்பு.

காலை எட்டு மணிக்கே அனுப்பிவிட்டேன்.
சென்னை அப்படித்தான் சொன்னது,
சனிக்கிழமைக் கூட்டம் சேருமுன் முடித்துவிடு என்று.
மஞ்சக்குப்பம் தலைமை அலுவலகத்தின்
மூன்று மாடிக்கும் ஒரே சொடுக்கில்
புதிய கடன் கணக்கு மென்பொருள்,
நானூறு எம்பி.
கலியபெருமாள் அண்ணன் ஏழரைக்கே வந்து
சாமி விளக்கு ஏற்றுகிற வரிசையில்
எல்லாப் பெட்டியையும் போட்டுவிட்டிருந்தார்.

பதினேழு மட்டும் வாங்கவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குரல் கொடுக்கிறது,
நான்கு முறை 'இருக்கேன்'.
கதவைத் தட்டினால்
அனுமதி இல்லை என்கிறது.
தவணை கேட்டுப் போன வசூல்காரர்கள்
இதே அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள்:
உள்ளே ஃபேன் ஓடும், ஆள் வரமாட்டார்.

டிஸ்கில் இடம் இருக்கிறது.
ஃபயர்வாலை இறக்கிப் பார்த்தேன், ஏற்றிவிட்டேன்.
பாஸ்வேர்டு மறுபடியும், எழுத்தெழுத்தாக.
ஸ்விட்சில் கேபிளை மாற்றினேன்.
பழைய முனையில் களிம்பு பூத்திருந்தது,
தேவனாம்பட்டினத்து உப்பு
அவ்வளவு தூரம் நடந்து வந்து
செம்பில் உட்கார்ந்திருக்கிறது.
அதுதான் என்று சந்தோஷப்பட்டேன்.
அது இல்லை.

சென்னை அழைத்தது. தொண்ணூற்றேழு சதவீதம் என்றேன்.
மீதி மூணு எங்கே என்றது.

மாடிப்படி. இரண்டாம் தளம், பதிவறை.
தென்காற்று. சிப்காட் வாசனைக்குப் பயந்து
ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள்.
பூங்காவனம் அக்காவின் நாற்காலியில்
துண்டு மட்டும். அவர் விடுப்பு.
திரையின் மூலையைப் பார்த்தேன்,
சும்மா, மணி என்ன ஆகிறது என்று.

ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருபது நிமிடம்.

சர்வருக்கு ஒரு வைராக்கியம் உண்டு.
தன் கடிகாரத்திலிருந்து
ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகி நிற்கிற யாரையும்
அது நம்பாது,
பெயர் சரியாக இருந்தாலும்
சாவி சரியாக இருந்தாலும்.
இதுவோ பதினாறு வருடம் பிந்தி வந்து
'இருக்கேன்' என்கிறது.

"காலையில என்னமோ எழுத்து வந்துச்சு மேடம்.
எஃப் ஒண்ணு அமுக்கினா போயிடும்" என்றார் கலியபெருமாள்.
"அக்கா அப்புறமும் ஏதோ தட்டும்.
அது எனக்குத் தெரியாது."

அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.
பின்னால் ஜிப்மர், யாரோ டோக்கன் எண் படிக்கிறார்கள்.
"தேதிதானே? தினம் நான்தான் போடுவேன்.
சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிடறேன் இல்லியா,
இடி விழுந்து போச்சுன்னா என் தலையில கட்டுவாங்க.
காலையில எல்லாத்தையும் மறந்துட்டு எழுந்துக்கும், பாவம்.
காலண்டரைக் கிழிச்ச கையோட
அதுக்கும் ஒரு தேதி."

எத்தனை வருஷமா அக்கா?

"புயலுக்கு அப்புறமா."

எந்தப் புயல் என்று கேட்கவில்லை.
கடலூரில் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால்
டோக்கன் போய்விடும்.
ஒரு புகார் எழுதியிருக்கலாமே என்றேன்.
"தேதி தெரியலன்னா? எனக்குத்தான் தெரியுமே."

இத்தனை நாளும் நான்
சாப்பாட்டு வேளை பார்த்து அனுப்புகிறவள்.
அதற்குள் அவர் வந்து
பதினேழை இன்றைக்குக் கூட்டி வந்திருப்பார்.
என் வரைபடத்தில் முப்பத்தொன்பது கட்டங்கள்,
நிறைய கோடுகள்.
அந்த விரல் அதில் எங்கும் இல்லை.

லாரன்ஸ் ரோட்டில் ஒரு வாட்ச் கடை.
வாட்சைக் கழட்டிக் கொடுங்க என்றார்.
கம்ப்யூட்டருக்கு என்றேன்.
வட்டமாக, வில்லை மாதிரி, முப்பது ரூபாய்.
பில் கேட்டதற்குச் சிரித்தார்.

பத்தே முக்காலுக்குப் பச்சை.
சென்னைக்கு நூறு என்றேன்.
கீழே டோக்கன் வாங்கியவர்கள்
ஏற்கெனவே சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள்.

அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில்
கடிகாரப் பிழை என்று எழுதினேன்,
அழித்தேன், வேறொன்றும் தோன்றாமல்
மறுபடி அதையே எழுதினேன்.

செவ்வாய் காலை படியேறும்போது
பதிவறையில் சத்தம்:
"யார் இதுல கை வெச்சது?
நான் வர்றதுக்குள்ள தேதி போட்டிருக்கு!"