மூட்டு எண் நாற்பத்தேழு

ஜுபைலில் நள்ளிரவு தாண்டித்தான்
எங்களுக்குப் பகல்.
மற்றவர்கள் பஸ் ஏறிய பிறகு
மஞ்சள் நாடா கட்டி, சிவப்பு விளக்கைச் சுழலவிட்டு
கைப்பிடி சுற்றி
இரிடியத்தை அதன் ஈயக்கூண்டிலிருந்து
வெளியே தள்ளுவோம்.

நாலு நிமிடம்.
தில் பகதூர் கடிகாரம் பார்ப்பான், நான் மீட்டர்.
கண்ணில் படாத ஒன்று எஃகைக் கடந்துபோய்
அந்தப் பக்கத்து ஃபிலிமில்
வெல்டரின் மனசாட்சியை எழுதிக்கொண்டிருக்கும்.

தூரம் இரட்டித்தால் கால்பங்கு.
பாதுகாப்பு வகுப்பில் தந்த ஒரே மந்திரம்.
காமாவுக்குச் சரி.
ஜெசிந்தாவின் கோபத்துக்குப் பொருந்தவில்லை,
தூத்துக்குடியிலிருந்து அளந்து பார்த்துவிட்டேன்.

தொலைவில் ஃப்ளேர் எரிகிறது.
வெளிச்சம் கண்ணுக்கு வருகிறது;
அதன் உடன்பிறப்பு கண்ணுக்குச் சிக்காமல்
கன்னத்தைச் சுடுகிறது.
பகலில் கண்ணாடி போடாமல் வெல்டிங் பொறியைப் பார்த்த பிலால்
இமைக்குள் மணல் என்று கேம்பில் புரள்கிறான்:
ஊதாவுக்கு அப்பால் இருப்பதன் வேலை.
இடுப்பில் வாக்கிடாக்கி கரகரக்கிறது.
எல்லாம் ஒரே ரத்தம், ஒரே வேகம்.
ஒன்று ஆள் உயரம், ஒன்று சாணுக்கும் குறைவு,
ஒன்று அணுவைவிடக் குட்டை.
நாம் பார்ப்பதற்கென்று விட்டது
வேட்டிக்கரை அளவு.

ஒலி அந்தக் குடும்பமில்லை.
அதற்கு நடக்கத் தரை வேண்டும்,
காற்றோ, நீரோ, இரும்போ.
எஃகுக்குள் இரண்டு விதமாய்ப் போகும்:
முட்டித் தள்ளிக்கொண்டு நெட்டலை,
பக்கவாட்டில் உதறிக்கொண்டு, பாதி வேகத்தில், குறுக்கலை.
தண்ணீருக்குள் குறுக்கலை நுழையாது.
வளைத்தால் நிமிர்ந்து எதிர்க்க
தண்ணீருக்குத் தெரியாது.
வேலிக்கு அப்பால் கடல் ஆடுவது வேறு கணக்கு.
அலை கரைக்கு வருகிறது,
நீர் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.

ஃபிலிமில் சந்தேகம் வந்தால் அல்ட்ராசோனிக்.
ஜெல் தடவி, புரோபை வைத்து, மெல்ல நகர்த்துவேன்.
திரை அமைதியாக இருந்தால் நல்ல வெல்டு.
நடுவில் ஒரு முள் எழும்பினால்
உள்ளே ஏதோ இருக்கிறது.
பன்னிரண்டு வருடமாய் நான் வாசிக்கும் ஒரே மொழி.
அமைதி நல்லது. எதிரொலி கெட்டது.

போன தவக்காலத்தில்
அவள் திரை அமைதியாக இருந்தது.
'கதிரில் வேலை பார்க்கிறவனுக்கு அப்படித்தான்'
என்று யாரோ அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள்.
என் மார்பு பேட்ஜ் மாதாமாதம் தம்மாம் போய்
வரம்புக்குள் என்று திரும்பும்.
அந்தத் தாளை அவளுக்குப் படம்பிடித்து அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
இரிடியம்கூட எழுபத்துநாலு நாளில் பாதியாகும்.

ஐப்பசியில் முப்பது நாள் லீவு.
அதைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை.

இன்று நாற்பத்தேழில் முள் எழும்பியது.
வேரில் உருகாத இடம், ஆறு மில்லிமீட்டர்.
சாக்கால் வட்டமிட்டு ரிப்பேர் எழுதினேன்.
விடிந்ததும் வெல்டர் ரெஜிமோன்
மலையாளத்தில் என் வம்சத்தை விசாரிப்பான்.

மூன்று மணிக்கு, கேட்டுக்கு வெளியே
வேனில் பூட்டிவைத்த போனை எடுத்தேன்.
பதினோரு விநாடி வீடியோ.
சாம்பல் விசிறி. நடுவே ஒரு கறுப்புக் குளம்.
குளத்தில் அவரைவிதை மாதிரி ஒன்று,
அதற்குள் துடித்துத் துடித்து மினுங்கும்
ஒரு புள்ளி.
பழக்கதோஷம், அளவெடுக்கத் தொடங்கியது கண்.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான் தில் பகதூர்.
"எந்த ஜாயின்ட் பாய்? ஓகேவா, ரிஜெக்டா?"
சிரிப்பு வந்தது. பிறகு
மூக்கைச் சிந்தவேண்டி வந்தது.

கீழே அவளுடைய ஒரே வரி:
'அந்த ஜெல்லு ரொம்ப சில்லுனு இருந்துச்சு.'

நாற்பத்தெட்டு பாக்கி இருந்தது.
டிசம்பர் காற்றில் குழாய் விறைத்துக் கிடந்தது.
ஜெல்லை நேராக அதன்மேல் பிதுக்கவில்லை.
உள்ளங்கையில் விட்டு, கையை மூடி,
கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.