கடைசி நடைக்குப் பிறகு

ஆழ்வார்குறிச்சிக்குக் கடைசி வண்டி
பத்து நாற்பதுக்கு வந்து நிற்கும்.
தோல்பையை ஆணியில் மாட்டிவிட்டு
காக்கிச் சட்டையோடே
டார்ச் அடித்துப் புறவாசலுக்குப் போவேன்.
ஐப்பசி பிறந்ததிலிருந்து
இதுதான் எனக்கு ஓவர்டைம்.

நத்தையென்றாலும் ஒரு வீட்டைச் சுமக்கிறதே என்று
பாவம் பார்க்கலாம்.
இவை ஓடில்லாத ரகம்.
ஈரச் செங்கலுக்கு அடியில் பகலைப் போக்கிவிட்டு
ராத்திரி ஏறும், டிக்கெட் எடுக்காமல்.
ஏறிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் நடுவே
ஒரு வெள்ளிக் கோடு மட்டும் இழுத்து வைத்திருக்கும்.
முதல் வாரம் பன்னிரண்டு கத்தரி நாற்று.
அடுத்த வாரம் கேந்தி மொத்தமும்.
தண்டு மட்டும் நின்றது,
ஆளெல்லாம் இறங்கிய வண்டியின் கம்பி மாதிரி.

உரக்கடையில் தவசிக்கனி அண்ணாச்சி
நீலக் குருணைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.
"தூவிட்டுப் படும்வே, காலைல ஒண்ணும் மிஞ்சாது."
ஒண்ணும் மிஞ்சாது என்பதில்தான் எனக்கு இடறியது.
அடுத்த வீட்டு மைமூன் மதினியின் கோழிகள்
எங்கள் வேலியை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.
கல்லுப்பு போதும் என்று திரும்பிவிட்டேன்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் உப்புத் தண்ணீர்.
இரண்டு ஈர்க்குச்சியை இடுக்கியாக்கி
எண்ணிக்கொண்டே எடுத்துப் போட்டேன்.
எண்ணாமல் எதையும் உள்ளே விட
என் கைக்குத் தெரியாது.
முதல் நாள் நூற்றுப் பதினேழு.
மறுநாள் தொண்ணூற்று நாலு.
மூன்றாம் நாள் நூற்று முப்பது.
நுரைத்துச் சுருங்குவதைப் பார்க்காமலிருக்க
மூடியைத் திருகித் திரும்பி நின்றுகொள்வேன்.

அந்த வியாழக்கிழமை கரண்ட் போயிருந்தது.
பாட்டிலுக்குள் ஒரு வெளிச்சம்.
பச்சை.
மங்கியது,
மறுபடி எரிந்தது.
கவிழ்த்துப் பார்த்தேன்.
வளையம் வளையமாகக் கறுத்த ஒரு புழு
ஒரு நத்தையின் கழுத்தைக் கவ்வியபடி
வால்நுனியில் விளக்கோடு கிடந்தது.
மின்மினிக்கு இப்படியொரு பிள்ளைப்பருவம் உண்டென்று
நாற்பத்திரண்டு வயதில் தெரிகிறது எனக்கு.
நான் பார்த்த வேலையை
எனக்கு முன்பே பார்க்க வந்த ஆள்.
நல்ல தண்ணீரில் அலசினேன்.
வாழைச் சருகில் வைத்து ஊதிப் பார்த்தேன்.
அது அணைய எடுத்துக்கொண்ட நேரத்தில்
டவுனிலிருந்து ஜங்ஷன் வந்துவிடலாம்.

பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
சாயங்காலத் தண்ணீரைக் காலைக்கு மாற்றினேன்.
சாண் உயரம் வரும்வரை நாற்று மாடியில் இருந்தது.
வேரைச் சுற்றி மதினி வீட்டு அடுப்புச் சாம்பல்,
மழை கரைத்தால் மறுபடி சாம்பல்.
வெட்டுவதாக இருந்த வேலியோரப் புதரை
வெட்டவில்லை.
மூன்றாம் வாரம் அதிலிருந்து இறங்கியது செம்போத்து.
அசல் செக்கிங் இன்ஸ்பெக்டர் நடை.
சிவந்த கண், சாயம் கொஞ்சம் கூடிப்போன காக்கிச் சிறகு,
அவசரமே கிடையாது.
செங்கல் செங்கலாகக் குனிந்து பார்த்து
ஒருவரையும் விடாமல் இறக்கிக்கொண்டு போனது.
எனக்கே சட்டைப்பையைத் தடவத் தோன்றியது.
உடைந்த தொட்டிக்கு அடியில் ஒரு தேரை
கேட்காமலே குடிவந்தது. வாடகை பேசவில்லை.

மதினியின் கோழிக்குஞ்சு ஒன்றையும்
அதே செம்போத்துதான் தூக்கியது.
இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.
குஞ்சுக்கு நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை.
சாம்பல் மட்டும்
வழக்கம்போல மதில்மேல் இருந்தது.

நேற்று டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன்.
தரையோடு தரையாக மூன்று பச்சை.
நாலாவதை எண்ணுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
கத்தரி இலையில் இன்னமும் ஓட்டை இருக்கிறது.
இருக்கட்டும்,
குழம்புக்கு இலையையா போடப்போகிறேன்.