பதினேழு

ஐந்து மாதம் ஆளில்லா மணல்திட்டில்
தூங்கும் கடல்நாய்களின் முதுகில்
ரோமம் வெளுக்க நம்பர் எழுதிவிட்டு
சங்காட் ஜோங்கில் பஸ் இறங்கினேன்.

லோகன் செம்பனைக் குலைக் காம்புகளில்
வெட்டியவன் நம்பரை மையால் எழுதிக்கொண்டிருந்தான்.
"இதுக்கா அவ்ளோ தூரம் போனே?"

வலைக்கயிறு கழுத்தில் இறங்கிய குட்டியைச் சொன்னேன்.
கயிற்றை வெட்டினோம்; மூன்று நாள் கரையில் கிடந்தது,
நாலாம் நாள் தடம் மட்டும்.
"செத்துருச்சா?"
"அடுத்த சீசன்லதான் தெரியும்."

அவன் சிரிக்கவில்லை.
லோரி நிரம்பியும் தார்ப்பாயைப் போர்த்தாமல்
நோட்டைத் திருப்பிக் காட்டினான்:
பதினேழு. பெர்மிட் முடிந்த வங்காளதேசத்துப் பையன்.
ஏப்ரலிலிருந்து அந்த வரிசை காலி.

கோடு போட்டு அடிக்கவும் இல்லை,
வேறு ஆளுக்குக் கொடுக்கவும் இல்லை.