எட்டு ஸ்குரூ

ஹவல்லியில், இப்னு கல்தூன் தெருவில்
தீப்பெட்டியைவிடத் தட்டையான ஒன்றை
பதினான்கு தினாருக்கு வாங்கினேன்.
மாட்டித்தர இன்னும் ஐந்து என்றான் கடைக்கார எகிப்தியன்.
ஐந்து தினாருக்கு ஒரு வாரக் காய்கறி வரும்.
ஸ்குரூடிரைவர் மட்டும் கொடுங்கள் என்றேன்.
மேடம் இன்ஜினியரா என்று சிரித்தான்.
பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை.
திறப்பது ஒன்றும் புதிதில்லை எனக்கு.

முதலில் பிரதி எடுக்க வேண்டும்.
பழையது உள்ளே, புதியது வெளியே,
நடுவில் ஒரு சாண் வயர்.
இரவு ஒன்பதேகாலுக்குத் தொடங்கிற்று.
சோற்றில் கல் கடிபட்ட மாதிரி
கரகரத்தது பழைய தட்டு.
ஒன்பது வருஷம்.
மூன்று கம்பெனிகளின் சம்பளச் சீட்டு,
பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கமும் இரண்டு தடவை,
புதிய கோப்புறை, புதிய கோப்புறை இரண்டு,
அதற்குள் இன்னொரு புதிய கோப்புறை,
எல்லாரும் கண்மூடி நிற்கும் ஒரு பிறந்தநாள்.
எதையும் பிரித்துப் பார்க்காமல்
இது எதற்கு என்று கேட்காமல்
அப்படியே தூக்கி அங்கே வைத்தது.

தொண்ணூற்று நான்கில் நின்றது.
தோசை சுட்டுச் சாப்பிட்டோம். தொண்ணூற்று நான்கு.
அமலோற்பவம் நைட் டியூட்டிக்குச் சீருடை மாட்டினாள்.
தொண்ணூற்று நான்கு.
'ஏதோ ஒரு மூலை செத்திருக்கும், சுத்திப் போகும், விடு'
என்றாள் செருப்பைத் தேடிக்கொண்டே
வார்டில் பேசும் குரலில்.

ஒன்று ஐம்பதுக்கு முடிந்தது.
யாரும் யாரிடமும் ரிலீஸ் கேட்கவில்லை.
பழையது கையெழுத்துப் போட மறுக்கவில்லை.
பாஸ்போர்ட்டை மேசை டிராயரில் வைத்துப் பூட்டவில்லை.
பாக்கி ஒன்றரை மாதத்தைப் பிறகு பேசலாம் என்று
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.

என் இகாமா மாற்றம்
அக்டோபரிலிருந்து நடக்கிறது.
மந்தூபுக்கு 'புக்ரா' தவிர வேறு வார்த்தை தெரியாது.
டாக்டர் நல்லவர்தான்,
பல்லை வலிக்காமல் பிடுங்குவார்.
ஆளை விடத்தான் மனசு வராது.

சரி, கழற்ற வேண்டும்.
ஜனவரி வறட்சியில் கதவுப்பிடி கடிக்கும்,
இருட்டில் போர்வை பொரியும்,
ஒருவர் கையில் ஒருவர் டம்ளர் கொடுத்தாலும்
விரல்நுனியில் சுளீர் என்று ஒரு பொறி.
அந்தப் பொறி போதுமாம், புதியதைக் கொல்ல.
நைலான் கம்பளத்தைச் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளினேன்.
வெறுந்தரை, வெறுங்கால்.
ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் எழுந்துபோய்
சமையலறைக் குழாயைத் தொட்டுவிட்டு வந்தேன்.
பார்க்க ஆளில்லாதது நல்லதாய்ப் போயிற்று.

எடுத்தபோது பழையது இன்னும் சூடாக இருந்தது.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
பிறகு அரிசி டப்பாவின் மேல்.

புதியது உள்ளே போனது தெரியவே இல்லை.
மூடியை முடுக்கினேன். ஏழு.
மறுபடி எண்ணினேன். ஏழு.

பொத்தானை அழுத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
பதினொன்றில் திரை வந்துவிட்டது.
சத்தமே இல்லை.
ஓடுகிறதா என்று அடியில் கைவைத்துப் பார்த்தேன்.

அப்புறம், தொட்டில் பழக்கம்தான்,
அமைச்சகத்தின் பக்கத்தைத் திறந்தேன்.
முன்பெல்லாம் அது வந்து சேர
பாதித் துணியை மடித்திருப்பேன்.
அதற்குள் யாராவது கையெழுத்துப் போட்டிருக்கலாம்
என்று நினைக்க நேரமிருந்தது.
இப்போது விரலை எடுப்பதற்குள்
அரபியில் நான் எழுத்துக்கூட்டாமல் படிக்கும் ஒரே சொல்:
பரிசீலனையில்.

விடிந்து ஏழுக்குக் கதவு திறந்தது.
அமலோற்பவம் செருப்பைக் கழற்றி
இரண்டடி வைத்திருப்பாள்.
'ஐயோ அம்மா' என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அசையாதே என்றேன்.
அதுதான் எட்டாவது.