ரோசா நிறப் பலூன்

புறக்கோட்டையில் வாங்கியது. பக்கெட்டில் பத்து.
‘இனிய பிறந்தநாள்’ என்று சிங்களத்தில்
வெள்ளி எழுத்து. இப்போது அதற்குள் நைதரசன்.
ஊசிவழி இறங்கி
குடுவைக்குக் காவல் நிற்கிறது.

உள்ளே சிலிக்காத் துணிக்கைகள்,
கண்ணுக்கு அகப்படாத மொட்டை உருண்டைகள்.
ஒவ்வொன்றின் தோலிலும் நேற்று நட்டேன்
ஆயிரக்கணக்கில் தொடக்கப் புள்ளி.
இன்று அவற்றில் மயிர் வளர்க்கிறேன்.

வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.
‘மூன்று வருசமா மயிர் வளர்க்கிறாளாம்’ என்று
டோகாவிலிருக்கும் அண்ணாவுக்கு
அம்மா ஃபோனில் சொல்லிச் சிரித்தா.

ஒட்சிசன் ஒரு மிடறு போதும், எல்லாம் நின்றுவிடும்.
ஆகவே உறையவைத்து, உறிஞ்சி, உருகவைத்து,
திரும்பவும் உறையவைத்து, மூன்று தரம்.
காலி வீதியில் பஸ்கள் ஓய்கிற நேரம்
செப்பைப் போட்டேன்.
கரைசலில் பிளேன்டீ நிறம் ஏறியது.

இனி, ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும்
ஒரு புரோமீன் தொப்பி.
செப்பு வந்து கழற்றும்.
திறந்த தலையில் ஒரு கண்ணி ஏறும், மிஞ்சினால் இரண்டு,
உடனே தொப்பி திரும்பத் தலையில்.
பிறகு தூக்கம்.
வளரும் நேரத்தில் பெரும்பங்கு
தூங்கித்தான் போகிறது.
இதை அறிக்கையில் எழுதினேன்.
பேராசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டார்.

தனியே நின்றால் சங்கிலி சுருண்டு படுத்துவிடும்.
நெருக்கி நட்டால் படுக்க இடமில்லை,
வெளிப்பக்கம் நீளத்தான் வேண்டும்.
வெள்ளவத்தையில் என் ஒழுங்கையும் அப்படி:
ஒன்பது மாடி, பதினொரு மாடி,
ஒரு வீட்டுக் குசினிக்குள் மற்ற வீட்டு முழங்கை,
ஆக உச்சியில் இருப்பவருக்கு மட்டும் கடல்.

இரண்டே காலுக்கு மின்சாரம் போனது.
காந்தக் கலக்கி நின்றது.
எண்ணெய்த் தொட்டி ஆறத் தொடங்கியது.
ஜெனரேட்டர் குளிர் அறைக்கு மட்டும்தான், சட்டம்.
ஃபோன் வெளிச்சத்தில் பலூனைப் பார்த்தேன்.
சூம்பிப்போய், எழுத்தின்மேல் எழுத்து விழுந்து,
யாருடைய பிறந்தநாளும் இல்லை.
காவலாளி குணவங்ச கதவால் எட்டினார்:
‘மிஸ், பார்ட்டியா?’

விடியும்போது குடுவை பச்சை.
இலைப் பச்சை இல்லை, பேரை வாவிப் பச்சை.
காற்று புகுந்தது ஊசித் துளையாலா
இறப்பர் மூடியாலா, தெரியாது.

எறிய மனம் வரவில்லை.
கழுவி, சுழற்றி, படியவைத்து,
திரும்பக் கழுவி, உலர்த்தி அளந்தேன்.
கேட்டதில் பாதி நீளம்.
ஆனால் நுனிகளில்
தொப்பி இருக்கிறது.

‘அப்ப சாகேல்லை’ என்றாள் ஃபர்வின்,
அளவுத்தாளை ஜன்னல் பக்கம் பிடித்தபடி.
‘புதுச் செப்பு போடு. விட்ட இடத்திலயிருந்து வளரும்.’

பக்கெட்டில் இன்னும் ஆறு பலூன்.
இன்றைய வெட்டில் எங்கள் வலயம் இல்லையாம்.
ஒன்றை எடுத்து இழுத்துத் தளர்த்தி
பழக்கதோசத்தில் வாயில் வைத்தேன்.

தட்டிப் பறித்தாள்.
‘லூசு, உன்ர மூச்சிலயும் ஒட்சிசன்.’